செல்லிக்குச் சோறு போடாதீர்கள்

போன மாதம் வேலூரில் நாய், பூனைகளுக்கென்று ஒரு புது ஆஸ்பத்திரி திறந்தார்கள். திறந்தவர் ஒரு காலத்தில் என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண் டாக்டர். இப்போது அவருக்கே காதோரம் நரைத்துவிட்டது. ஏசி அறையும் கண்ணாடி அலமாரியும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. அலமாரியில் ஒரு பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்து, சர்க்கரை வியாதி வந்த பூனைக்கென்றே தயாரித்த தீனி என்றார். "உங்க காலத்துல என்ன சார் குடுத்தீங்க?" என்று கேட்டார். சுற்றி நின்ற இளம் டாக்டர்கள் ஒரு கதைக்குத் தயாராக நின்றார்கள்.

'எங்க காலத்துல' என்று ஆரம்பிக்கும் கிழவர்களைக் கண்டால் எனக்கே எரிச்சல். அதனால் "கறி" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது மனசு கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மனிதர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அதை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சென்னையில் கால்நடை மருத்துவம் படித்தபோது மாடு, ஆடு, குதிரை, கோழி என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பூனை பாடத்தின் கடைசியில் வந்தது. அது வருவதற்குள் பரீட்சை வந்துவிட்டது. முதல் வேலை பேரணாம்பட்டுப் பக்கம். கன்றுபோட முடியாத பசு, கோமாரி கண்ட எருது, செத்த மாட்டின் தோலை உரிக்கலாமா கூடாதா என்று நடக்கும் தகராறு, இவற்றிலேயே சில வருஷம் போயிற்று. எழுபதுகளின் கடைசியில் ஆம்பூருக்கு மாற்றினார்கள். அங்கேதான் டாக்டர் ராஜரத்தினம் எனக்கு மேலதிகாரியாக வாய்த்தார்.

அவரைப் பிடித்தவர்கள் குறைவு. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். பேசுவதென்றால் அதைக் கன்னத்தில் ஒதுக்க வேண்டும், அந்தச் சிரமத்துக்காகவே பாதி நாள் பேசமாட்டார். மாடு வந்தால் உடனே தொடமாட்டார். முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். மாட்டுக்காரன் பொறுமை இழந்து முனகுவான். அப்புறம்தான் எழுந்து கையைக் கழுவுவார், தொடுவார், மறுபடி கழுவுவார். பரிசோதனைக் குழாய் எதுவானாலும் பார்த்து முடித்த அந்த நிமிஷமே கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். ஒரு குழாய் கழுவாமல் நின்றால் அன்றைக்கு யாருக்கும் நிம்மதி கிடையாது. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'கழுவற டாக்டர்'.

அவர் கேட்கும் கேள்வியும் ஒரு தினுசு. நாங்கள் எல்லோரும் "என்ன தின்னுச்சு?" என்று கேட்போம். அவர் "யாரு போட்டது?" என்று கேட்பார். ஒருமுறை வாணியம்பாடி ரோட்டிலிருந்து வயிறு உப்பிய கறவை எருமை ஒன்றை வண்டியில் ஏற்றி வந்தார்கள். வழக்கமான வைக்கோல்தான் தின்றது என்று வீட்டுக்காரர் சத்தியம் பண்ணினார். யாரு போட்டது என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டதும், கூட வந்த அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முந்தின நாள் மகளுக்குக் கல்யாணம். மிஞ்சிப்போன சோற்றை, நம்ம வீட்டு லட்சுமியும் சந்தோஷமாகச் சாப்பிடட்டும் என்று அண்டாவோடு வைத்திருக்கிறார். அத்தனை சோறு வயிற்றில் புளித்தால் எருமை தாங்காது. அது அங்கேயே செத்தது. டாக்டர் அந்த அம்மாவைத் திட்டவில்லை. எங்களைப் பார்த்து, வெறுப்பில் போட்ட தீனியால் செத்த மாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொன்னதாகத்தான் அன்றைக்கு எனக்குப் பட்டது.

சவரிநாதன் வந்தது அதற்கு அடுத்த மழைக்காலத்தில். தோல் பேக்டரி ஒன்றில் டைம்கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் பேனா, கையில் ஒரு வயர் கூடை. கூடைக்குள் துண்டு விரித்து ஒரு பூனை. சாம்பல் நிறம், கொழுகொழுவென்று இருந்திருக்க வேண்டிய உடம்பு. முதுகெலும்பு தட்டுப்பட ஆரம்பித்திருந்தது, வயிறு மட்டும் தொங்கியது. பெயர் செல்லி. செத்துப்போன மனைவி வளர்த்த பூனை என்றார். பிள்ளை குட்டி கிடையாது. பக்கத்து வீட்டு மும்தாஜ் பீ துணைக்கு வந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்.

குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, தின்கிறது, ஆனாலும் இளைக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணுக்குப் போன இடத்துல எறும்பு மொய்க்குது சார். என் சம்சாரத்துக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

பூனையிடம் மூத்திரம் வாங்குவது லேசான காரியமில்லை. அது மண்ணைத் தோண்டிப் போய்விட்டு மூடிவிடும். பாலாற்றுக் கூழாங்கல்லைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்து, மண்ணுக்குப் பதிலாகத் தட்டில் பரப்பி வைக்கச் சொன்னேன். அது ஏமாந்து அதில் போனது, அடியில் தேங்கியதை ஒரு புட்டியில் எடுத்துவந்தார். அந்தக் காலத்தில் இதற்கு ஒரு நீலக் கரைசல் உண்டு. கண்ணாடிக் குழாயில் அதைக் கொஞ்சம் ஊற்றி, சில சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் கூடுதல், ஆரஞ்சு அதற்கும் மேல். செங்கல் நிறத்துக்குப் போனால் ரொம்ப மோசம். செல்லியுடையது விளக்கில் காட்டியதுமே செங்கல்லாகிவிட்டது. நான் விளக்க வாயெடுத்தேன், அவர் தலையை அசைத்தார். அவர் மனைவிக்காக இதே கரைசலும் குழாயும் வீட்டிலேயே வாங்கி வைத்து வருஷக்கணக்கில் தினம் பார்த்திருக்கிறார்.

அது என்ன சாப்பிடுகிறது என்று கேட்டேன். பால் சோறு, ரசம் சோறு, தயிர் சோறு. இனி அரிசி கூடாது, பால் கூடாது என்றேன். பதிலுக்கு என்ன போட வேண்டும் என்று நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள், "மீதி எனக்குத் தெரியும் சார்" என்று கூடையை மூடிக்கொண்டு போய்விட்டார். வாசலில் அடுத்த மாடு காத்திருந்தது. நானும் விட்டுவிட்டேன்.

அவருக்குத் தெரிந்தது மனைவிக்குச் செய்த பத்தியம். நம்ம ஊரில் சர்க்கரை என்று ஒருவர் வாயால் வந்தால் போதும், மறுநாளே அந்த வீட்டில் அரிசிப் பானையை இறக்கிவிட்டுக் கோதுமைக் கஞ்சி ஏற்றிவிடுவார்கள். ராத்திரிக்குச் சப்பாத்தி, காலையில் பாகற்காய்ச் சாறு, நடுவில் கேழ்வரகுக் கூழ். அதை அப்படியே செல்லிக்கும் செய்தார். பாகற்காய்ச் சாற்றைப் பாலாடையில் புகட்டப் போய்க் கையெல்லாம் கீறல். செல்லி கோதுமைக் கஞ்சியை மோந்துபார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. பசித்தால் தின்னும் என்று அவர் காத்திருந்தார். மனுஷர்களிடம் பலிக்கும் இந்த யோசனை பூனையிடம் பலிக்காது. சதைப்பிடிப்புள்ள பூனை சில நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய் அடைந்துகொள்ளும். மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கூடையைத் திறந்தபோது செல்லியின் காது உட்புறம் மஞ்சளாக இருந்தது, தலையைத் தூக்கவில்லை.

டாக்டர் ராஜரத்தினம் ஊரெல்லாம் கோமாரி ஓடும்போது நான் பூனைக்கு மூத்திரம் பார்ப்பதைப் பற்றி ஏற்கெனவே கிண்டல் பண்ணியவர்தான். அன்றைக்கு முக்காலியை இழுத்துக் கூடை பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். கிராம்பை ஒதுக்கிக்கொண்டு, "இன்னாய்யா போடறாரு இதுக்கு?" என்றார். சொன்னேன்.

"நெல்லும் புல்லு, கோதுமையும் புல்லு, கேழ்வரகும் புல்லு. பூனைக்கு எதுக்குய்யா புல்லு போடறாரு?"

எனக்குச் சுருக்கென்றது. சவரிநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர் அவர் பக்கம் திரும்பி நிதானமாக விளக்கினார். பூனை வேட்டையாடித் தின்னப் பிறந்தது. அதன் உடம்புக்குத் தானியத்தைச் சமாளிக்கத் தெரியாது. இத்தனை வருஷம் சோற்றைப் போட்டதில் கொழுத்து, சர்க்கரையும் வந்துவிட்டது. இன்சுலின் ஊசி இருக்கிறது, ஆனால் இத்தனூண்டு உடம்புக்கு அளவு பிசகினால் அந்த ஊசியே கொன்றுவிடும். முதலில் அதைச் சாப்பிட வைக்க வேண்டும். உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கறி. சின்னச் சின்னதாக, அடிக்கடி. குடிக்கத் தண்ணீர். வேறு எதுவும் வேண்டாம். பேக்டரியில் தோலிலிருந்து சீவி எறியும் ஜவ்வை மட்டும் எடுத்துவந்து போட்டுவிடாதீர்கள், அதில் சுண்ணாம்பு இருக்கும் என்றும் சொன்னார்.

சவரிநாதன் கூடையின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு முடியாது என்றார்.

மனைவி படுக்கையில் விழுந்தபோது வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். இனி என் வாயிலும் கவுச்சி படாது, என் வீட்டு நிலைப்படியும் தாண்டாது, அவளை மட்டும் பிழைக்க வை என்று. மாட்டுக்கறி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை கழியாத ஊரில் இருந்துகொண்டு, ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும்கூடச் சாம்பார்தான். மனைவி பிழைக்கவில்லை. நேர்ச்சை மட்டும் நின்றது. அந்த அம்மா போன பிறகும் எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்டுவிட்டேன்.

"பலிச்சா வச்சுக்கறது, பலிக்கலன்னா வுட்டுடறது. அப்படின்னா அது யாவாரம் சார்."

டாக்டர் சுற்றி வளைத்துப் பேசுகிறவரில்லை. அப்படியானால் உங்கள் மனைவி வளர்த்த பூனை இந்த வாரம் செத்துப்போகும் என்றார். தெரியுது சார் என்றார் அவர். கூடையைத் தூக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. இரண்டு பக்கமும் அதே மனைவிதான். எதை விட்டாலும் அந்த அம்மாவை விட்டதாகத்தான் அவருக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கும் துணைக்கு வந்து வேப்பமரத்தடியில் நின்ற மும்தாஜ் பீ ஜன்னல் பக்கம் வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும்.

"கறி நிலைப்படி தாண்டி உள்ள வரக்கூடாது, அவ்ளோதானே அண்ணா? பூனை வெளிய வரலாம் இல்ல?"

சவரிநாதன் அவரைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் எழுந்து கை கழுவப் போனார். அத்தோடு அது தீர்மானமாகிவிட்டது.

அன்று மத்தியானமே மும்தாஜ் பீ தன் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லின் மேல், மசாலா போடுவதற்கு முன் எடுத்துவைத்த கறியைப் பிய்த்து வைத்தார். முதல் நாள் வாயில் வைத்து ஊட்டத்தான் வேண்டியிருந்தது. இரண்டொரு நாளில் செல்லி தானாகத் தலையைத் தூக்கியது. அந்த வாரக் கடைசியில் நடு மதிலைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் போனது. காது மஞ்சள் மெல்ல இறங்கியது. பூனைக்குப் போட்டால் நன்மை, இதுல எனக்கு இன்னா பேஜார் என்று மும்தாஜ் பீ சொல்வார். மாட்டுக்கறி ஜாஸ்தி, மீன் எப்போதாவது, ஈரல் கம்மி என்று டாக்டர் சொன்ன கணக்கும் அவருக்கு மனப்பாடம்.

ஆனால் குழாயில் நிறம் ஆரஞ்சுக்குக் கீழே இறங்கவில்லை. கறி மட்டும் தின்கிற பூனைக்கு இது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. "யாரு போடறதுன்னு போய்ப் பாருய்யா" என்றார் டாக்டர்.

ஒரு மத்தியான வேளையில் சவரிநாதன் வீட்டுக்குப் போனேன். சுவரில் மாதா படம், அதன் கீழே மனைவி படம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாலை. பேசிக்கொண்டிருக்கும்போதே பேக்டரிச் சங்கு ஊதியது. வேலையில் இருந்த நாள் முதல் அந்தச் சங்குக்குத்தான் அவர் சாப்பிட உட்காருவார். அது செல்லிக்கும் தெரியும். எங்கிருந்தோ வந்து தட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முழங்காலில் கையை வைத்தது. கத்தவில்லை, அவர் முகத்தையே பார்த்தது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தயிர்ச்சோற்றில் ஒரு பிடி எடுத்துத் தரையில் வைத்தார்.

அவரே சொன்னார்.

"கடைசி நாள் சாயங்காலம் அவ ஒரு கை சோறு கேட்டா சார். ரசம் ஊத்தி ஒரு கை. நாளைக்கு டாக்டரைக் கேட்டுட்டு தர்றேன்னு சொல்லி கோதுமைக் கஞ்சியைத்தான் குடுத்தேன். விடியறதுக்குள்ள போய்ட்டா. இனிமே கேக்கற வாய்க்கு இல்லன்னு சொல்ல என்னால ஆகாது."

அந்த அம்மாவுக்கு அவர் செய்தது தப்பில்லை என்று சொல்லலாம், அது அவருக்கே தெரியும். தெரிந்து என்ன ஆகப்போகிறது. இல்லை என்று நீங்கள் சொல்ல வேண்டாம், அது கேட்காமல் இருக்க வழி உண்டா பாருங்கள் என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, எழுந்து வருவதற்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

அவர் அதைப் பிடித்துக்கொண்டார். காலமெல்லாம் டைம்கீப்பராகப் பேக்டரி கேட்டில் நின்றவர் இல்லையா. கையைக் கழுவிக்கொண்டு வந்து, லேட்டாக வருகிறவனிடம்தான் கேட்டில் சண்டை வரும், சங்குக்கு முன்னாடியே உள்ளே போய்விட்டவனோடு என்ன சண்டை என்றார். மறுநாளிலிருந்து சங்கு ஊதுவதற்கு முன்பே மதிலுக்கு அந்தப் பக்கம் செல்லியின் சாப்பாடு முடிந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. மும்தாஜ் பீ அதற்காக உலையை முன்கூட்டியே ஏற்றினார். மும்தாஜ் பீ கையால் போட்டால் செல்லி பாதி வயிற்றோடு எழுந்து, பழைய ஞாபகத்தில் சவரிநாதன் தட்டைத் தேடி வந்தது. ஆகவே சவரிநாதனே அந்தக் கொல்லைக்குப் போனார். நேர்ச்சைக்குப் பிறகு அவர் விரல் கறியில் பட்டது அன்றைக்குத்தான். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு துண்டாகப் பிய்த்து, எலும்புச் சில் இல்லையே என்று தடவிப் பார்த்துப் போட்டாராம். கிணற்றடியில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்து சங்கு ஊதியதும் சாப்பிட உட்கார்ந்தால், செல்லி வயிறு நிறைந்து அவர் பக்கத்தில் படுத்திருக்கும். அது கேட்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை.

இளைய டாக்டர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பூனைக்கும் தீனியை மாற்றினால் மட்டும் போதாது. இன்றைக்கு ரத்தத்தில் அளந்து ஊசி போடுகிறீர்கள், அதுதான் சரி. செல்லிக்கு வேளை நன்றாக இருந்தது. அதற்கப்புறம் சில வருஷம் இருந்து, கிழமாகி, மும்தாஜ் பீ வீட்டுத் துவைக்கிற கல்லின் வெயிலில் படுத்தபடி போனது. டாக்டர் ராஜரத்தினமும் போய்விட்டார். ஆனால் அவர் பெயரைச் சொன்னால் எனக்கு ஞாபகம் வருவது ஒரே ஒரு நாள்தான்.

சங்குக்கு முன்னால் கறி என்று ஆகிச் சில வாரம் கழிந்திருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கூட்டம். சவரிநாதன் வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே வந்தார். அப்படி வருகிறவர் இல்லை. கையில் கூடை கிடையாது. கைக்குட்டையில் சுற்றி ஒரு கண்ணாடிக் குழாய் கொண்டுவந்திருந்தார், மனைவிக்குப் பார்த்த அதே குழாய். வீட்டிலேயே விளக்கில் காட்டி எடுத்து, சிந்தாமல் நடந்தே வந்திருக்கிறார். டாக்டர் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நீலம். பச்சைகூட இல்லை, சுத்தமான நீலம்.

"நல்லாயிடுச்சு" என்றார் டாக்டர்.

சவரிநாதன் சிரிக்கவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை வருஷம் சுட்டிருப்பேன் சார் இந்தக் குழாய்ல. அவளுக்கு ஒருநாள்கூட இந்தக் கலர் வந்ததில்ல."

சொல்லிவிட்டு அங்கேயே அழுதார். மாட்டுக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் தன் முக்காலியை அவர் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னார். குழாயை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, நின்றுகொண்டே அடுத்த மாட்டைப் பார்க்கப் போனார். வழக்கப்படி நான் அதைக் கழுவ எடுக்கப் போனபோது, வேண்டாம் என்று கையைக் காட்டினார். சாயங்காலம் ஆஸ்பத்திரியைப் பூட்டும் வரை அந்த நீலம் அங்கேயே இருந்தது.